சித்தூரில் பால் பொங்கினால் மட்டும் போதாது

சித்தூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆந்திராவில் இருக்கும் ஊர்தான். இது வேறு சித்தூர். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி கொழிஞ்சாம்பாறை, நல்லேப்பிள்ளி என்று போனால் வரும் கேரளத்துச் சித்தூர். எல்லை கடந்ததைச் சாவடி சொன்னால்தான் தெரியும். டீக்கடையில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்குகின்றன. அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. வழிநெடுகப் பனையும் தென்னையும். கேரளத்தின் கள்ளுக்கடைகளுக்குப் போகும் கள்ளில் பெரும் பங்கு இந்தத் தாலுகாவில் இறக்கப்படுவது.

இப்போது இந்தச் சாலைகளின் இருபுறமும் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. பாதி கட்டிய வீட்டின் முன்னால் கண் திருஷ்டிக்காக வைக்கோல் பொம்மையோ பூசணிக்காயோ தொங்குகிறது. முடிந்ததும் பால் காய்ச்சுகிறார்கள். தமிழர் வீட்டில் பசுவும் கன்றும் முதலில் நுழையும். மலையாளி வீட்டில் நிலவிளக்கு முதலில் நுழையும். பால் பொங்குவது மட்டும் இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிதான். ஆனால் பால் பொங்க ஐந்து நிமிடம் போதும். கட்டிய வீடு குடியிருக்கச் சுகமான வீடாக மாறுவதற்கு இந்த ஊரில் ஒரு முழு வருஷம் வேண்டும். இங்குள்ள மண், காற்று, தண்ணீர் மூன்றும் அந்த ஒரு வருஷத்தில் தங்கள் பரீட்சையை நடத்தி முடித்துவிடும்.

முதலில் மண். கேரளம் என்றால் செம்மண்ணும் செம்பாறாங்கல்லும் என்று நினைப்பவர்களுக்குச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி ஓர் ஆச்சரியம். இங்கே இருப்பது கரிசல். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது இந்தத் தாலுகாவில்தான். நிலக்கடலைக்கு நல்ல மண். அஸ்திவாரத்துக்குப் பொல்லாத மண். மழையில் ஊதும், கோடையில் சுருங்கிப் பிளக்கும். மேலாக வாணம் தோண்டி அவசரமாக எழுப்பிய சுவரில் முதல் கோடையிலேயே ஜன்னலின் மூலையிலிருந்து விரிசல் ஓடும். பெயின்ட் அடித்து மறைக்கலாம்; அடுத்த கோடையில் அதே இடத்தில் மறுபடி வரும். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு மணலும் கிராவலும் நிரப்புவது, அஸ்திவாரத்தின் மேல் கான்கிரீட் பீம் ஓட்டுவது, கூரைத் தண்ணீர் சுவரடியில் தேங்காமல் வெளியேற்றுவது ஆகிய மூன்றும்தான் மருந்து. அஸ்திவாரம் போட்டு அதை ஒரு மழைக்காலம் நனையவிட்ட பெரியவர்கள் சோம்பேறிகள் அல்ல.

அடுத்து காற்று. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமான பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் திறந்த கதவின் கிழக்கு நிலைப்படியில் சித்தூர் இருக்கிறது. ஜூன் முதல் மேற்கிலிருந்து ஈரக்காற்று. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று, புழுதியோடு. இந்தக் காற்றை நம்பித்தான் கேரள மின்வாரியம் 1995-இல் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நிறுத்தியது.

பழைய வீடுகள் இந்தக் காற்றை அறிந்து கட்டப்பட்டவை. சித்தூர் ஒரு காலத்தில் கொச்சி சமஸ்தானத்தின் துண்டு நிலம். சுற்றிலும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. 1956-இல் கேரளம் பிறந்து, 1957-இல் பாலக்காடு மாவட்டம் அமைந்தபோதுதான் அக்கம்பக்கத்தோடு ஒட்டியது. இங்கே தமிழ் பிராமணர் அக்ரஹாரம் அமைத்தார்கள். நாயர்கள் நடுமுற்றம் வைத்துத் தறவாடு கட்டினார்கள். கொங்கு நாட்டிலிருந்து வந்த விவசாயிகள் திண்ணை வைத்து ஓட்டு வீடு கட்டினார்கள். மூன்று கூட்டமும் மூன்று திசையிலிருந்து வந்தவை. வெயிலுக்குக் கண்டுபிடித்த விடை ஏறக்குறைய ஒன்றுதான். முன்வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்கோட்டில் கதவுகள், சூடு மேலே ஏறி வெளியேற உயரமான ஓட்டுக்கூரை, வெயில் சுவரைத் தொடாமல் இருக்க நீண்ட இறவாணம், காலுக்குக் குளிர்ச்சியாகச் சிவப்புக் காவித் தரை.

இன்றைய புது வீட்டின் பிளான் வேறெங்கோ வரையப்பட்டது. தட்டையான கான்கிரீட் தளம், காற்று வரும் திசையில் கண்ணாடி, கொல்லைக் கதவு இருந்த இடத்தில் அட்டாச்டு பாத்ரூம். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த தளம் ராத்திரியில் அதை உள்ளே உமிழ்கிறது. ஃபேன் போட்டால் சூடான காற்றுதான் கீழே இறங்குகிறது. 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்பநிலை 41 டிகிரியைத் தாண்டி, வானிலைத் துறை வெப்ப அலை என்றே அறிவித்தது. வசதியுள்ளவர்கள் ஏ.சி. வாங்கினார்கள். அரசின் ‘லைஃப்’ திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் உதவி பெற்றுச் சின்ன வீடு கட்டியவர்கள், பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலில் படுத்தார்கள். சொந்த வீடு கிடைத்தும் தூங்க இடம் இல்லை என்பது வேடிக்கை அல்ல.

இதற்கு மாற்று இதே கேரளத்தில் எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. லாரி பேக்கர் (1917-2007) என்ற கட்டடக் கலைஞர், கான்கிரீட் தளத்தின் அடிப்பாதியில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தார். சிமென்டும் கம்பியும் மிச்சம், சூடும் குறைவு. செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு எழுப்பிய ‘எலிப்பொறி’ச் சுவரில் நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், அந்த வெற்றிடமே வெப்பத்தைத் தடுக்கும். இந்த வழியில் வீடு கட்ட, முன்னாள் முதல்வர் அச்சுத மேனன் தலைமையில் 1985-இல் திருச்சூரில் ‘கோஸ்ட்ஃபோர்டு’ அமைப்பும் தொடங்கப்பட்டது. ஏற்கெனவே கட்டி முடித்தவர்களுக்கும் வழி உண்டு. மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு, மேற்குச் சுவருக்கு ஒரு பந்தல், அந்தப் பக்கம் ஒரு வேம்பு, கிழக்கிலும் மேற்கிலும் எதிரெதிராகத் திறக்கும் இரண்டு ஜன்னல்கள். ஏ.சி.யின் ஒரு மாதக் கரன்ட் பில்லை ஒட்டிய செலவில் இவற்றில் பாதி முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். மழைக்குப் பெயர்போன கேரளத்தில் சித்தூரின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைத் தமிழ்நாடு தரவேண்டும். 1970-இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் இங்கே அரசியல்வாதிகளின் பேச்சு மட்டுமல்ல. திண்ணைப் பேச்சும் அதுதான். ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் வயல் பிழைக்கும், கிணறு ஊறும். சித்தூர் ஆற்றுக்கு உள்ளூரில் சோகநாசினி என்று பெயர். துயரத்தைப் போக்குகிறவள். மலையாளத்தின் தந்தை எனப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்தது இதன் கரையில்தான் என்பார்கள்.

தண்ணீர் போனால் வீடு என்ன ஆகும் என்பதை இந்தத் தாலுகா நாட்டுக்கே காட்டியது. பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000-இல் கோகோ கோலா தொழிற்சாலை வந்தது. கொஞ்ச காலத்தில் அக்கம்பக்கத்து ஆதிவாசிக் குடியிருப்புக் கிணறுகளின் தண்ணீர் கெட்டது. அந்தத் தண்ணீரில் சோறு சரியாக வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்று பெண்கள் புகார் சொன்னார்கள். கூரை அதே கூரை, சுவர் அதே சுவர், அடுப்பு அதே அடுப்பு. ஆனாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தொலைவுக்கு நடக்க வேண்டியிருந்தது. 2002 ஏப்ரல் 22 அன்று தொழிற்சாலை வாசலில் போராட்டம் தொடங்கியது. முன்னால் நின்றவர் எரவாளர் இனத்தைச் சேர்ந்த மயிலம்மா. 2004 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது; 2007-இல் மயிலம்மா இறந்தார். சேதம் 216.26 கோடி ரூபாய் என்று 2010-இல் அரசின் உயர்மட்டக் குழு கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011-இல் கேரள சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. பெரிய சட்டக் கேள்விகளெல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்தப் பெண்கள் எழுப்பிய முதல் கேள்வி சமையலறைக் கேள்விதான்: சோறு வடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தை வீடு என்று எப்படிச் சொல்வது?

மண், காற்று, தண்ணீர் மூன்றும் சரியாக அமைந்தாலும் மிச்சம் இருப்பது மனிதர்கள். பழைய வீட்டின் திண்ணை இப்போது ‘சிட்-அவுட்’ ஆகிவிட்டது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுற்றிலும் இரும்பு கிரில், கிரில்லுக்குப் பூட்டு. வருகிறவர் மணியடித்துக் காத்திருக்க வேண்டும். மாசி மாதம் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படை திருவிழா நடக்கிறது; கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்தவர்களை ஊரார் தோற்கடித்ததன் கொண்டாட்டம். அதே கொங்குநாட்டு வழிவந்த குடும்பங்கள் இன்று அதே ஊரின் வீதியில் நின்று வேடிக்கை பார்க்கின்றன. படையாக வந்தவர்களைத் துரத்திய ஊர், குடியிருக்க வந்தவர்களை ஏற்றுக்கொண்டது. வாசல்கள் திறந்திருந்ததால்தான் அது நடந்திருக்க வேண்டும்.

சித்தூரில் வீடு கட்டப் போகிறவர் இன்ஜினீயரிடம் பிளான் கேட்பதற்கு முன்னால், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. மண் எத்தனை அடி கறுப்பு? தை மாதக் காற்று எந்த ஜன்னலில் வரும்? சித்திரையில் கிணற்றில் எத்தனை கயிறு தண்ணீர் நிற்கும்? பதிலுக்குக் காசு கேட்கமாட்டார். கூடவே பால் காய்ச்சும் நாளைக்கு ஒரு விருந்தாளியும் கிடைத்துவிடுவார்.