அப்பா வைத்த வெள்ளைக் கோடு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது ஃப்ளின்ட். ப்யூக் கார்களோடு வளர்ந்த ஊர். அங்கே ஒரு வீட்டு கராஜில் துணி போர்த்தி நின்றது, 1987-ம் வருட ப்யூக் கிராண்ட் நேஷனல். கன்னங்கரேல் நிறம். அப்பா ஆசையாக வாங்கியது. அவர் போன பிறகு சாவி மகன் கைக்கு வந்தது.

அமெரிக்காவில் 'மஸில் கார்' என்றால் பெரும்பாலும் எட்டு சிலிண்டர் இன்ஜின்தான். இதில் இருப்பதோ ஆறுதான், 3.8 லிட்டர். ஆனால் டர்போ உண்டு. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழன்று, கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும். அதனால் 245 குதிரைசக்தி. அதே வருடம் வெறும் 547 கார்கள் மட்டும் ஜி.என்.எக்ஸ். என்ற பெயரில், 276 குதிரைசக்தியோடு வந்தன.

'நம்ம காரும் அப்படிப் பறந்தால் என்ன?' என்று மகனுக்குத் தோன்றியது.

வழி சுலபம். டர்போவில் 'வேஸ்ட்கேட்' என்று ஒரு சின்னக் கதவு உண்டு. அழுத்தம் அளவை மீறினால் அது திறந்து, புகையை வேறு வழியாக விட்டுவிடும். அந்தக் கதவைப் பிடித்திருக்கும் கம்பியைத் திருகிக் கொஞ்சம் சுருக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும், காற்றழுத்தம் ஏறும். பைசா செலவில்லை. கம்பியின் மரையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்து, அதைத் தாண்டித் திருகினான்.

கார் பறந்தது. மூன்றாம் நாள், நெடுஞ்சாலையில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியபோது தகர டப்பாவில் கோலிக்குண்டு குலுக்கியதுபோல ஒரு சத்தம். அப்போதும் அவன் காலை எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் பின்னால் ஒரே வெள்ளைப் புகை.

அப்பாவின் பழைய மெக்கானிக் வந்து பார்த்தார். "காற்றைக் கூட்டினாய். பெட்ரோலைக் கூட்டினாயா?" என்று கேட்டார். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாவிட்டால் உள்ளே சூடு எகிறி, கலவை கண்டபடி வெடிக்கும். 'நாக்கிங்' என்பது அதுதான். சென்சார் அதைக் கேட்டு ஸ்பார்க்கைத் தாமதப்படுத்திக் காப்பாற்றப் பார்க்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

"ஹெட் கேஸ்கட்டோடு போனதே, சந்தோஷப்படு. பிஸ்டன் உடைந்திருக்கும்" என்றவர், வேஸ்ட்கேட் கம்பியைத் துடைத்துக் காட்டினார். வெள்ளை பெயின்ட்டில் மெல்லிய கோடு. "உன் அப்பா போட்டது. பழைய பம்ப்புக்கு இதுதான் எல்லை என்று அவருக்குத் தெரியும்."

மகன் வெகுநேரம் பேசவில்லை.

கேஸ்கட்டை மாற்றியபின், வேலை முறைப்படி தொடங்கியது. முதலில் ஆறு சிலிண்டர்களின் கம்ப்ரஷனை அளந்தார்கள். வெடித்திருந்த வேக்யூம் ஹோஸ்களை மாற்றினார்கள். பிறகு பெரிய ஃப்யூவல் பம்ப், அதற்குத் தடிமனான ஒயர், பெரிய இன்ஜெக்டர்கள், அவற்றுக்குப் பொருந்தும் கம்ப்யூட்டர் சிப். எல்லாம் முடிந்த பிறகே கம்பிக்குத் திரும்பினார்கள். அரைச் சுற்று திருகுவது, ஓட்டிப் பார்ப்பது, நாக்கிங் வருகிறதா என்று கருவியில் பார்ப்பது, வந்தால் பின்வாங்குவது.

இப்போது கார் அப்பா காலத்தைவிட வேகமாகவே ஓடுகிறது. கம்பியில் வெள்ளைக் கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, சிவப்பில் இன்னொரு கோடு இருக்கிறது. மகன் போட்டது. பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவள் அவனுடைய பத்து வயது மகள்.