அது டாங்க் இல்லை, பெரியம்மா!

பழைய போட்டோவில் ஒரு ராணுவ வண்டியும், பக்கத்தில் மீசை முறுக்கிய ஓர் ஆளும் இருந்தால் போதும். நம் ஊரில் அந்த வண்டிக்கு ஒரே பெயர்தான்... டாங்க்! லாரியா, டாங்க். ஜீப்பா, அதுவும் டாங்க். சில வீடுகளில் தண்ணி வண்டிகூட ஹிட்லரை விரட்டியிருக்கிறது!

இந்த வண்டிகள் நிஜத்தில் என்ன என்று கண்டுபிடிப்பது என் பொழுதுபோக்கு. பி.காம். படித்தவனுக்கு இது எதற்கு என்று புதுக்கோட்டையில் கேட்காத ஆளில்லை. ''இதுல காலணா வருமானம் உண்டா?'' என்பாள் மனைவி. கிடையாதுதான். ஆனால், லெட்ஜரில் ஒரு தொகை இடித்தால் ராத்தூக்கம் கெட்டுத் துரத்துவோமே, அதே அரிப்புதான் இதுவும்.

முறை ரொம்ப சிம்பிள் சார். முதலில் காலைப் பாருங்கள். இரும்புப் பட்டையா, ரப்பர் டயரா? டயர் என்றால் டாங்க் ஆசையை அங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்து உடம்பு. டயர் இருந்தும் மேலே இரும்புக் கவசம் போர்த்தியிருந்தால், அது 'டாடாநகர்' ஆக இருக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது கனடாவிலிருந்து ஃபோர்டு சேஸிஸை வரவழைத்து, ஜாம்ஷெட்பூர் டாடா ஆலையின் கவசத் தகட்டை மாட்டி, நம் ரயில்வே பட்டறைகளில் கட்டிய வண்டி. மொத்தம் 4,655 செய்தார்கள். நம்ம ஊர்ச் சரக்கு!

மூன்றாவது, நம்பர். டி.என்.55 என்றதும் 'நம்ம புதுக்கோட்டை வண்டி' என்கிறோம் இல்லையா? அதுபோல அன்றைய பிரிட்டிஷ் படை வண்டிகளில் எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'டி' என்றால் டாங்க் வகையறா. 'எஃப்' கவச கார். 'ஏ' ஆம்புலன்ஸ். 'எல்' என்றால் லாரி.

இந்த 'எல்'தான் போன வருஷம் என்னைச் சங்கடத்தில் மாட்டிவிட்டது.

திருமயம் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா. அவர் வீட்டுச் சுவரில் மாமனார் போட்டோ. 'சண்டையில டாங்க் ஓட்டினவரு' என்று ஊருக்கே தெரியும். எஞ்சினீயரிங் படிக்கும் பேரன் ஒருநாள் கேட்டுவிட்டான். ''அப்பத்தா, டாங்குக்கு ஏது டயரு? இவரு பட்டாளத்துக்கே போயிருக்க மாட்டாரு. ஏதோ வண்டிக்குப் பக்கத்துல நின்னு போட்டோ புடிச்சுக்கிட்டு வந்துட்டாரு!''

பெரியம்மாவுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. ''நீ வந்து பாத்துச் சொல்லு தம்பி'' என்று ஆள் அனுப்பினார்.

பூதக்கண்ணாடியோடு போனேன். டயர் நாலும் பெரிசு. வலது பக்க ஸ்டியரிங். சப்பை மூக்கு. முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வெளியே துருத்தி, கீழ்ப்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தது. வெயில் பட்டுப் பளபளத்து மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நம்பரில் 'எல்'. சந்தேகமே இல்லை... ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கனடாவில் நாலு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய ராணுவ வண்டிகளில் ஒன்று. லாரி!

மட்கார்டில் ஒரு பறவை தெரிந்தது. ''கருடன் தம்பி. அவரு பெருமாள் பக்தரு'' என்றார் பெரியம்மா. கருடன் இல்லை, கழுகு. நான்காவது இந்திய டிவிஷனின் சின்னமான சிவப்புக் கழுகு. வட ஆப்பிரிக்காவில் சண்டை போட்டு, 1944 பிப்ரவரி, மார்ச்சில் இத்தாலியின் மாண்டே காசினோ மலையடியில் ரத்தம் சிந்திய படை. அவர் போட்டிருந்த கனத்த கோட்டையும் காலடிச் சேற்றையும் பார்த்தால், இத்தாலி என்றுதான் எனக்குத் தோன்றியது.

''பட்டாளத்துல இருந்தது நிஜம். ஆனா அது டாங்க் இல்ல, பெரியம்மா... லாரி.''

''வெறும் லாரிதானா?''

1945-ல் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர். எல்லாரும் டாங்க் ஓட்டினால் பெட்ரோலை யார் கொண்டுபோவது? டாங்குக்கு உள்ளே இருப்பவனுக்குச் சுற்றிலும் கவசம். லாரி டிரைவருக்கு வெறும் தகரம். முதுகுக்குப் பின்னால் பெட்ரோலோ, குண்டோ... ஒரு பொறி பட்டால் போச்சு! அவன் ராத்திரியில் விளக்கை மறைத்துக்கொண்டு போய்ச் சேராவிட்டால் பீரங்கி வெடிக்காது, சிப்பாய்க்குச் சப்பாத்தி கிடைக்காது. இதைச் சொன்னபோது பேரன் செல்போனைக் கீழே வைத்துவிட்டான்.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார். ''அவரு எப்பவும் 'வண்டி ஓட்டினேன்'னு மட்டும்தான் தம்பி சொல்லுவாரு. டாங்க்னு சொன்னதே இல்ல. எனக்குச் சம்பந்தம் பேச வந்த தரகருதான், எங்கப்பா சம்மதிக்கணும்னு அதை டாங்க் ஆக்கினாரு!''

செய்த வேலைக்கு மேலே ஒரு வார்த்தை பேசாத மனுஷன். அவரைத்தான் இத்தனை வருஷமாக டாங்குக்குள் தள்ளிப் பூட்டி வைத்திருந்தோம்.

பேரன் சட்டத்தைக் கழற்றி, போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் எழுதினான்: 'லாரி டிரைவர், நான்காவது இந்திய டிவிஷன்.' கீழே அவர் பெயர். உங்கள் வீட்டிலும் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

மாட்டி முடித்துவிட்டு அவன் கேட்டான். ''அப்பத்தா, அந்தத் தரகர் போட்டோ இருக்கா?''