இடப்புறமா? மேற்புறமா?

கணிப்பொறித் திரையில் டேப்களை மேலே வைப்பதா, பக்கத்தில் வைப்பதா என்பதும் ஒரு கட்டுரைக்குரிய பொருளா என்று நண்பர்கள் நகைக்கலாம். நாட்டில் எத்தனையோ பெரிய கேள்விகள் விடை காணாமல் கிடக்க, இந்தச் சின்னஞ்சிறு பட்டைகளுக்காக நம் மன்ற இதழின் பக்கங்களைச் செலவிட வேண்டுமா என்றும் கேட்கலாம். கேட்கட்டும். கடந்த நான்கு மாதங்களாக என்னுடைய மாலைப் பொழுதுகளையும், தாராவியிலிருக்கும் என் அத்தையின் பொறுமையையும் தின்று தீர்த்தது இந்தக் கேள்விதான்.

ஒரே சாளரத்துக்குள் பல பக்கங்கள் இருக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் பெயரெழுதி ஒட்டிய சிறு பட்டையைத்தான் டேப் என்கிறோம். தாவல் என்று மொழிபெயர்ப்பவர் உண்டு. கீற்று என்பாரும் உண்டு. கீற்று என்ற சொல்லின் மேல் எனக்கு ஆசைதான். ஆயினும் தாராவிச் சந்தில் நின்று அதைச் சொன்னால், கூரை வேய வந்தவன் என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே டேப் என்றே எழுதுகிறேன்.

அத்தை முறுக்கும் தட்டையும் அதிரசமும் செய்து, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள கடைகளுக்குப் போடுகிறார். நான்கு பெண்கள் அவரிடம் வேலை செய்கிறார்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் தடையின்றி வரும், இந்தி பேச வரும், ஆங்கிலம் வராது. மூன்றாண்டுகளுக்கு முன் யாரோ சொன்னதைக் கேட்டு, கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்றை விலைக்கு வாங்கினார். அது முழுவதும் ஆங்கிலம். கணக்கேற்ற ஒரு பையனை வைத்துக்கொண்டார். ஒரு நாள் அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். எந்தக் கடை எவ்வளவு பாக்கி என்பது பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதைப் படிக்கத்தான் அவரால் முடியவில்லை. தம்முடைய பணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள, தெருவில் போகிறவனைக் கூப்பிட வேண்டிய நிலை! இரண்டு மாதத்துப் பாக்கியைக் கடைக்காரர்கள் சொன்ன கணக்கிலேயே வாங்கிக்கொண்டார்.

அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான், அவருக்கென்று தமிழில் ஒரு சிறு கணக்கு மென்பொருள் எழுத முனைந்தேன். கொள்முதல், விற்பனை, கையிருப்பு, வாடிக்கையாளர்கள், கூலி, பாக்கி, செலவு, வங்கி, அறிக்கை என ஒன்பது பக்கங்கள். டேப்களை மேலே வைத்து ஒன்று, இடப்பக்கம் வைத்து ஒன்று, வலப்பக்கம் வைத்து ஒன்று என மூன்று வடிவங்கள் செய்து அத்தையின் முன் வைத்தேன்.

மேலே வைத்த வடிவம் ஐந்து நிமிடம் கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அத்தையின் மடிக்கணினி பழையது. திரையின் அகலம் 1366 பிக்சல். ஒன்பதால் வகுத்தால் ஒரு டேப்புக்கு 150 சொச்சம். அதிலும் சிறு படத்துக்கும் ஓர இடைவெளிக்கும் போக, எழுத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம். அத்தையின் கண்ணுக்கோ எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். இடம் போதாமல் 'வாடிக்கையாளர்கள்' வெட்டுப்பட்டு, 'வாடி' என்று மூன்று புள்ளியுடன் நின்றது. அத்தை அதை உற்றுப் பார்த்தார்.

"ஏல, இது என்ன, என்னைய 'வாடி'ன்னு கூப்பிடுது?"

முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். வாடிக்கையாளர்கள் என்பதில் ஒன்பது எழுத்து. அதன் ஆங்கிலச் சொல்லான கஸ்டமர்ஸ் என்பதிலும் ஒன்பதே எழுத்து. கையிருப்பு ஐந்தெழுத்து, ஆங்கிலத்தின் ஸ்டாக்கும் ஐந்தெழுத்து. எண்ணிக்கையில் நாம் சளைத்தவரல்லர். ஆனால் நம் கையெழுத்தில் 'கை' ஒன்றே இரண்டு எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். 'யா' காலை நீட்டிக்கொண்டு உட்காரும். யூனிகோடு முறையில் கையிருப்பு பத்துக் குறிகள், வாடிக்கையாளர்கள் பதினாறு. விண்டோஸில் பல்லாண்டுகள் நாம் படித்துப் பழகிய லதா எழுத்துரு, பவாய் ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பு கற்பித்த ஆர். கே. ஜோஷியின் பொறுப்பில் உருவானது. அத்தகைய கைதேர்ந்தவர்கள் செய்த எழுத்தும் இந்த அகலத்தை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. குறைத்தால் படிக்க வராது. மேல்வரிசை டேப் என்பது குட்டைச் சொற்களை உடைய மொழியின் வசதிக்குப் பிறந்தது என்றே நான் நினைக்கிறேன். பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினால், ஒவ்வொரு சொல்லும் தன் வரியில் முழுதாக நிற்கிறது.

பக்கத்தில் வைப்பதானாலும் எழுத்தைப் படுக்கப் போட்டுவிடக் கூடாது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் பழைய முகப்பைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும்: இருபுறமும் பெயர்கள் சுவரில் சாய்த்த ஏணிபோல் நிற்கும். அதைப் போல ஒரு மாதிரியையும் காட்டினேன். அத்தை தலையைத் தோளில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "களுத்து சுளுக்கிக்கிடும்ல" என்றார். அத்துடன் அதை அழித்தேன்.

செம்பூரிலிருந்து வரும் நண்பர் ஒருவர் மேல்வரிசைக் கட்சி. அவர் வாதத்தை எளிதாகத் தள்ள முடியாது. மேலே ஒரு பட்டை வைத்தால் 768 பிக்சல் உயரத்தில் 40 போகும். ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. பக்கத்தில் பெரிய தமிழ் எழுத்துக்கு இடம் விட்டால் 228 பிக்சல் போகும். அகலத்தில் ஆறில் ஒரு பங்கு! "கணக்குக்கு அகலம்தானே வேண்டும்? பத்திகளை எங்கே வைப்பாய்?" என்றார். அளவில் அவர் சொல்வது சரியே. ஆனால் அத்தையின் விற்பனைப் பக்கத்தில் தேதி, கடை, பண்டம், எடை, விலை, தொகை என ஆறே பத்திகள். மிஞ்சிய 1138 பிக்சலில் அவை தாராளமாக அமர்ந்தன. இருபது பத்தி உள்ள கம்பெனிக் கணக்கென்றால் நண்பர் பக்கமே நானும் சாய்ந்திருப்பேன்.

அடுத்தது இடமா, வலமா? இதில்தான் அதிக நாள் போயிற்று. அத்தை முன்பு எழுதிய பேரேடு, வல ஓரத்தில் படிப்படியாக வெட்டி எழுத்துப் போட்ட இன்டெக்ஸ் பேரேடு. பெயர் தேட வேண்டுமென்றால் அவர் விரல் தானாக வலப்பக்கம் போகும். ஆகவே வலப்புற வடிவத்தையே முதலில் விரும்பினார். இரண்டு வாரம் அதில் எழுதினார். திரையை நகர்த்தும் பட்டையும் வலப்புறமே இருப்பதால், அதைப் பிடிக்கப் போய் டேப்பை அழுத்தினார்; டேப்பை அழுத்தப் போய் அதைப் பிடித்தார். ஏட்டில் குறி வலப்புறம் இருப்பது தாளைப் புரட்டுவதற்காக. திரையில் புரட்டத் தாள் இல்லை. கண் இடமிருந்து தொடங்குகிறது. பக்கத்து வீட்டுத் தோல்பை வியாபாரி உருதுவில் கணக்கு வைப்பவர். அவருக்குச் செய்தால் எல்லாவற்றையும் வலப்புறமாகத் திருப்பிப்போட வேண்டும். அவர் கண் அங்கேதான் தொடங்கும்.

இடப்புறம் என்று முடிவானபின் ஒரு சிறு நுட்பம் கைகொடுத்தது. 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விதி கண்டார்: குறி சிறிதாகவும் தொலைவாகவும் இருக்க இருக்க, கை அதை எட்ட நேரமாகும். திரையின் விளிம்பில் சுட்டி தானாகவே நின்றுவிடும். ஆதலால் விளிம்பை ஒட்டிய பட்டை, சுட்டிக்கு முடிவற்ற அகலமுடைய குறிபோல் ஆகிறது. டேப்களை ஓரத்தில் இடைவெளியே விடாமல் ஒட்டினேன். மாவு பிசைந்து களைத்த கைக்கு அது எத்தனை உதவி என்பதைப் பார்த்தவர்களே அறிவார்கள்.

உலகத்தாரும் இதில் ஒரு மனத்தினர் அல்லர். உபுண்டு 2011-இல் தன் பட்டையை இடப்புறம் கட்டிவைத்தது. கீழே நகர்த்த 2016-இல்தான் இடம் கொடுத்தது. விண்டோஸ் 11 வந்தபோது, 2021-இல், அதுவரை நாற்புறமும் நகர்த்த முடிந்த பட்டையைக் கீழேயே பூட்டிவிட்டது. அதே 2021-இல் எட்ஜ் உலாவி பக்க டேப்களைத் தந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2025 மார்ச்சில் தந்தது. "நீயும் விருப்பத்துக்கு விட்டுவிடேன்" என்றார் செம்பூர் நண்பர். கோடிப் பேருக்குச் செய்பவன் விருப்பத்துக்கு விடட்டும். ஒரே ஓர் அத்தைக்குச் செய்பவன் அப்படி விட்டால், அது தன் வேலையை அத்தையின் தலையில் கட்டுவதாகும்.

வரிசைமுறையை மட்டும் அத்தையே மாற்றினார். பாடப்புத்தக முறைப்படி கொள்முதல் மேலே இருந்தது. "பாக்கிய மேல வைல. காலைல எந்திரிச்சதும் அதத்தான் பாக்கணும்" என்றார். வைத்தேன். போன வாரம் செம்பூர்க் கடை ஒன்றுக்கு அவரே பேசி, தேதியும் எடையும் தொகையும் திரையைப் பார்த்துச் சொன்னார், மறுமுனையில் மறுபேச்சில்லை. வரிசையின் கீழே இன்னும் இடம் மிச்சமிருக்கிறது. தீபாவளிக்குள் அதிரசத்துக்கென்று தனி டேப் வேண்டுமாம்.