செவ்வாய்க்கிழமை மனுக்காரர்கள்

ஆவாரம்பாளையத்து லேத் பட்டறைக்காரர் சட்டைப் பையில் வெர்னியரோடு வந்திருக்கிறார். காலையில் ஒரு ஷாஃப்டைப் பாதி கடைந்த நிலையில் மெஷினை நிறுத்தி, கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு டவுன்ஹாலுக்கு பஸ் ஏறியவர். கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. மனுவின் ஓரத்தில் பெருவிரல் பட்ட இடம் தனியாகத் தெரிகிறது. கைக்குட்டையால் துடைக்கிறார். இன்னும் பரவுகிறது. அந்த ஓரத்தை மட்டும் உள்பக்கமாக மடித்து, நகத்தால் அழுத்தி விடுகிறார்.

கோவை மாநகராட்சி பிரதான அலுவலகத்தில் செவ்வாய்க்கிழமை குறைதீர்க்கும் கூட்டம். ஐந்து மண்டலம், நூறு வார்டு. சாக்கடை அடைப்பு, எரியாத தெருவிளக்கு, வராத குடிதண்ணீர் என்று வருகிறவர்கள்தான் எப்போதும் அதிகம். அவர்களுக்கு நடுவே தொழில்காரர்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அடிக்கடி மணி பார்க்கிறார்கள். செல்போன் அடித்தால் எழுந்து வராந்தாவுக்கு ஓடுகிறார்கள். கடையைப் பூட்டிவிட்டு வந்தவர்களுக்கு இந்த நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு மணி நேரமும் வருமானத்தில் விழும் துண்டு. பின்வரிசை ஓரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது.

"உங்களுக்கு என்னுங்ணா?" என்று பக்கத்தில் இருக்கும் ஒரு சலூன்காரர் லேத்காரரைக் கேட்கிறார்.

"சொத்து வரிங்க. வாடகை ஷெட்டுதான். ஆனா ஏறுனது அத்தனையும் ஓனரு என்ற தலைல வெச்சுட்டாருங்க."

2022ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழக நகரங்களில் சொத்து வரி ஏறியது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம், தொழிற்கூடங்களுக்கு 75 சதவீதம். பிறகு ஆண்டுக்கு 6 சதவீதம் கூட்டும் ஏற்பாடும் வந்தது. இவருடைய ஷெட்டைத் தொழிற்கூடமாக எழுதாமல் வணிகமாக எழுதியிருக்கிறார்கள். காரணம், முன்னால் ஷட்டர் இருக்கிறது.

"ஷட்டர் போட்டிருந்தா கடைங்கறாங்க. உள்ள ரெண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மெஷினு ஓடுது. வந்து எட்டிப் பாத்தாப் போதுமுங்க. வரியே வேண்டாம்னு நான் கேக்கல. என்ன தொழில் பண்றனோ அப்படி எழுதுங்கன்னுதான் கேக்கறன்."

கோவையின் பம்பும் கிரைண்டரும் இந்த மாதிரி ஷெட்டுகளில் பிறந்தவை. பெரிய கம்பெனி வார்ப்பைக் கொடுக்கும். ஜாப் ஆர்டர் எடுக்கும் பட்டறை கடைந்து, துளையிட்டு, அளவு பார்த்துத் திருப்பிக் கொடுக்கும். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. கரண்டு கட்டணமும் வாடகையும் ஏறினால் அந்தக் கூலியும் ஏறிவிடாது. கம்பெனிக்காரர் அடுத்த தெருப் பட்டறைக்குப் போய்விடுவார். சனிக்கிழமை ஆனால் ஆள்களுக்கு வாரச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். இத்தனையும் பார்த்த பிறகு, வணிகம் என்றும் தொழிற்கூடம் என்றும் எழுதும் அந்த ஒரு கட்டத்தைச் சின்ன விஷயம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சலூன்காரரின் வழக்கு வேறு. தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனார். கட்டடத்தின் சொத்து வரி பாக்கி இருக்கிறது, அதைக் கட்டிய ரசீது கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கட்டடத்துக்காரர் திருப்பூரில் இருக்கிறார், போனை எடுப்பதில்லை. இவர் வாடகையை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. உரிமம் இல்லாமல் கடை திறந்திருப்பதற்கு நோட்டீஸ் இவர் பேருக்கு வந்திருக்கிறது. நாலாக மடித்த நோட்டீஸைப் பிரித்து லேத்காரரிடம் காட்டுகிறார். அவர் முழுவதும் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், வந்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுக்கிறார்.

தொழில் செய்கிறவன் ஆட்சிக்கு மனுப் போடுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. தறியிறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம் என்று சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே தொழிலுக்குத் தொழில் வரி உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் நெசவாளி, தச்சர், கொல்லர், கடைக்காரர் எல்லோர் மேலும் மொத்தர்ப்பா என்றொரு வரி விழுந்தது. கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை சுதேசிகள் சங்கம் 1852இல் லண்டன் பார்லிமென்டுக்கு அனுப்பிய மனுவில் அந்த வரியைப் பற்றியும் முறையிட்டிருந்தது. கப்பலேறிப் போன மனு அது. இன்றைய மனு ஆவாரம்பாளையத்திலிருந்து டவுன்ஹால் வரை வந்தால் போதும். தூரம் குறைந்தது பெரிய விஷயம்தான். அதனாலேயே இந்த வரிசையை மதிப்பாக நடத்த வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

இன்றைய தொழில் வரியிலும் ஒரு நெருடல் உண்டு. எவ்வளவு பெரிய வருமானமானாலும் ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் அந்த வரியை வாங்க முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 276ஆம் பிரிவில் 1988இல் வைத்த வரம்பு. கோடி சம்பாதிப்பவர் அந்த வரம்போடு நின்றுவிடுவார். கீழ்ப்படியில் இருப்பவர்களுக்குத்தான் ஐம்பது, நூறு என்று ஏறும் வழி திறந்தே கிடக்கிறது. இந்த அரங்கில் அதைப் பேச ஆள் இல்லை. இங்கே அதற்கு முடிவு எடுக்கவும் முடியாது.

முன்வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பூக்கார அம்மா, மடியில் மஞ்சள் துணிப்பையோடு. அறுபது வயது இருக்கலாம். பையிலிருந்து ஒரு கட்டை எடுக்கிறார். கடை போடக் கட்டணம் கொடுத்ததற்கான துண்டுச் சீட்டுகள். ரோஸ் நிறம், பச்சை, வெளிறிப்போன வெள்ளை. பத்துப் பத்தாக அடுக்கி வாழைநாரால் கட்டியிருக்கிறார். மாலை கட்டும்போது போடும் அதே முடிச்சு.

இவர் வரியைக் குறைக்கக் கேட்டு வரவில்லை. சாலையோர வியாபாரி என்ற அட்டை வேண்டும். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இந்த அம்மாவுக்குச் சட்டத்தின் பெயர் தெரியாது. 2020இல் அட்டை வைத்திருந்த பக்கத்துக் கடைக்காரிக்கு வங்கியில் பத்தாயிரம் ரூபாய் கடன் கிடைத்தது தெரியும்.

மேடைக்கு முன்னால் அவர் முறை வருகிறது. மனுவை நீட்டாமல் சீட்டுக் கட்டை நீட்டுகிறார்.

"கணக்கெடுக்க வந்தப்ப மகளுக்குப் பிரசவமுங்க, ஆஸ்பத்திரில இருந்தன். திரும்பி வந்தா பேரு இல்லைங்கறாங்க. தெனமும் சீட்டுக் கிழிச்சுக் குடுத்துத்தானுங்க காசு வாங்குனாங்க. பாருங்க சாமி, ஒண்ணும் தொலைக்கல."

அதிகாரி கட்டை வாங்கி நாரை அவிழ்க்காமல் மேலே இருந்த சீட்டைப் படிக்கிறார். அடியில் இருப்பதையும் புரட்டிப் பார்க்கிறார். அலட்சியமாக அவர் பார்க்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். "மண்டல ஆபீஸ்ல போய்ப் பாருங்கம்மா, விடுபட்டவங்க பேரைச் சேர்ப்பாங்க" என்கிறார். மனுவில் எண் விழுகிறது. ஒப்புகைச் சீட்டு கைக்கு வருகிறது.

லேத்காரர் மனு வருவாய்ப் பிரிவுக்குப் போகிறது. நேரில் வந்து பார்ப்பார்களா என்று கேட்கிறார். பார்ப்பார்கள் என்கிறார்கள். எப்போது என்று கேட்கிறார். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சலூன்காரர் இரண்டே நிமிஷத்தில் வெளியே வருகிறார். உரிமம் ஒரு பிரிவு, பாக்கி வரி வேறு பிரிவு. இரண்டு இடத்திலும் தனித்தனியாக மனுக் கொடுக்க வேண்டுமாம்.

யாரும் கத்தவில்லை. மூவரும் தொழில் நடத்த ஆசைப்பட்டு, முறையாகப் பதிவு செய்துகொள்ள ஆசைப்பட்டு, கட்ட முடிந்ததைக் கட்டத் தயாராக வந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட குடிமக்கள் கிடைப்பது ஒரு நகராட்சிக்குப் பெரிய பேறு. இவர்களை மேசைக்கு மேசை அலைய விடுவதைவிட, வருவாய்ப் பிரிவும் உரிமப் பிரிவும் ஒரே மேசையில் உட்காருவது ஒன்றும் பெரிய செலவில்லை.

வராந்தாவில் பூக்கார அம்மா நடையை நிறுத்துகிறார். ஒப்புகைச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார். திரும்ப உள்ளே போய், பதிவு மேசையில் இருக்கும் பெண்ணிடம் நிற்கிறார்.

"அம்மணி, எந்த மண்டலம், யாரைப் பாக்கோணும்னு இதுக்குப் பின்னால எழுதிக் குடுத்துரு. வாயில சொன்னா அங்க எடுபடாது."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். பேனாவை எடுத்து, அலுவலரின் பதவியையும் அறை எண்ணையும் எழுதுகிறாள். "தேதியும் போட்ரு" என்கிறார் அம்மா. தேதியும் விழுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே வந்த சலூன்காரர், தன் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி மேசைமேல் வைக்கிறார்.