துணி கட்டிய செம்பருத்திகள்

காலை ஆறரைக்கே வந்துவிடச் சொல்லியிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டால் மருந்து அடிக்க மாட்டார்கள். எண்ணெய் பட்ட இலை கருகிவிடும். கோவை மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய அந்த நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே செம்பருத்தி, குரோட்டன்ஸ், இட்லிப்பூ என்று வரிசை வரிசையாகப் பைகள். மருந்தடிப்பைப் பார்க்கத்தான் போயிருந்தேன். முதல் ஒரு மணி நேரம் யாரும் டேங்கைத் தொடவே இல்லை.

நான்கு பெண்கள் குனிந்து இலை புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்த அக்கா இருபது வருஷமாக இதே வேலையில் இருக்கிறார். அவர் கண் முதலில் போனது செடிக்கு அல்ல, தரைக்கு. "எறும்பு எங்க ஏறுதுன்னு பாருங்க கண்ணு. மாவுப்பூச்சி அங்கதான் இருக்கும்."

சாறு உறிஞ்சும் பூச்சி குடித்ததில் மிஞ்சியதை இனிப்புத் துளியாக வெளியே விடும். அந்த இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கும்; செடி விட்டுச் செடி தூக்கிக்கொண்டும் போகும். இனிப்பு வழிந்த இலையில் கரும்பூசணம் கரி அப்பினாற்போலப் படரும். அதனால் மேசைக் கால்கள் எல்லாம் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நின்றன. பலகாரத் தூக்கைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதே வித்தை.

ஒரு செம்பருத்திக் கொழுந்து முறுக்கிக்கொண்டு நின்றது. அக்கா அதைப் பிரித்தார். உள்ளே பஞ்சு பஞ்சாக மாவுப்பூச்சி. ஒன்றை நசுக்கி விரல் நுனியைக் காட்டினார்: மஞ்சள் நீர். "மஞ்சளா வந்தா பப்பாளிப் பூச்சிங்க. செவப்பா வந்தா செம்பருத்திப் பூச்சி." ஆய்வகத்தில் நுண்ணோக்கி வைத்துப் பிரித்தறிவதை இவர் விரல் நுனியில் வைத்திருக்கிறார். அந்த மஞ்சள் பூச்சி இந்தியாவில் முதன்முதலில் கண்ணில் பட்டதே இந்தக் கோவையில்தான், 2008இல். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என எதையும் விட்டுவைக்கவில்லை. எந்த மருந்துக்கும் அது சரியாக அடங்காமல் போக, 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து குட்டிக் குளவிகளைத் தருவித்து விட்டார்கள். அவை மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்று தீர்ப்பவை. ஊதிப் பழுப்பாகி, முதுகில் ஓட்டை விழுந்த கூடு ஒன்றை அக்கா இலையடியில் காட்டினார். குளவி வெளியேறிய வழி அது.

அடுத்த இலையில் இன்னும் பெரிதாக, சடை சடையாக வெள்ளை மயிர் தொங்க ஒன்று ஊர்ந்தது. நசுக்கக் கை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"ஐயோ, அதையத் தொடாதீங்க! அது நம்ம ஆளு."

அது பொறிவண்டின் புழு. கிரிப்டோலேமஸ் என்பார்கள். காப்பிச் செடியின் பச்சைச் செதில்பூச்சியை அடக்க 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இனம். பச்சைச் செதிலைவிட மாவுப்பூச்சியே அதற்குப் பிடித்த தீனி. தின்பதைப் போலவே மாவு பூசிக்கொண்டு திரிவதால் தெரியாதவர் கையில் அதுவும் செத்துப்போகிறது. எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்றேன். "இது விறுவிறுன்னு நடக்குதுங்க. மாவுப்பூச்சி எங்க நடக்குது?" இடுப்பில் செருகியிருந்த பழைய சேலைக் கிழிசலில் ஒரு துண்டைக் கிழித்து அந்தச் செடியில் கட்டினார். துணி கட்டிய செடிக்கு மருந்து கிடையாது.

எட்டு மணிக்கு முன்பே டேங்க் வந்தது. சோப்பைக் கரைத்து, அதில் வேப்பெண்ணெய் விட்டுப் பால்போல வரும்வரை அடித்து, பத்து லிட்டருக்கு 200 மில்லி எண்ணெய் என்ற கணக்கில் தண்ணீர் சேர்த்தார்கள். வெறும் தண்ணீர் மாவுப்பூச்சியின் மெழுகில் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்ததுபோல உருண்டு ஓடிவிடும். சோப்பு சேர்ந்தால்தான் ஒட்டும். குழாய் முனையைக் கீழிருந்து மேலாகத் திருப்பி இலையடியை நனைத்தார் மருந்தடிப்பவர். பஞ்சுப் பைக்குள் முட்டை தப்பிவிடும் என்பதால் அடுத்த வாரமும் அடிக்க வேண்டும்.

அவருடைய தினக்கூலியைவிட இலை புரட்டும் பெண்களின் கூலி குறைவு. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. எங்கே அடிப்பது, எங்கே நிறுத்துவது என்று சொல்வதே அவர்கள்தாம்.

பத்தரைக்கு ஊட்டிக்குப் போகும் லாரி வந்தது. வெள்ளையாக ஏதாவது ஊர்ந்தால் வியாபாரி செடியையே திருப்பிவிடுவார். ஏற்றிக்கொண்டிருந்த பையன் துணி கட்டிய மூன்று பைகளையும் சேர்த்துத் தூக்கினான். "அது வேண்டாம் சாமி, வெச்சுரு" என்று வாங்கி, பூச்சி அதிகம் பிடித்திருந்த மேசையின் நடுவில் கொண்டுபோய் வைத்தார் அக்கா.