டீ யாருடைய கணக்கில்?

ருஷியரோடு வியாபாரம் பேசப் போகிறவர் வோட்காவுக்குத் தயாராகப் போக வேண்டும். சீனர் ‘கன்பெய்’ என்று சொல்லிக் கிண்ணத்தைக் காலி செய்தால் நாமும் காலி செய்ய வேண்டும். ஜப்பானியர் காரியாலயத்தில் சொல்லாததை மாலையில் சாக்கே அருந்தும்போது சொல்வார். அயல்நாட்டு வர்த்தகத்துக்குப் புறப்படுகிறவர்களுக்காக எழுதப்படும் கையேடுகளில் இத்தகைய வாக்கியங்களை நேயர்கள் பார்த்திருக்கலாம். ஒரு தேசத்தார் எதைக் குடிக்கிறார்கள் என்று தெரிந்தால் அவர்களுடைய வியாபார குணமும் விளங்கிவிடும் என்பது இவற்றை எழுதுகிறவர்களின் சித்தாந்தம். இந்தியாவுக்கு நேரே ‘டீ’ என்று போட்டிருப்பார்கள். தமிழில் அது ஒரே ஓர் எழுத்து. முப்பத்தைந்து கோடியாக இருந்து நூற்று நாற்பது கோடியாகப் பெருகிய ஜனங்களுக்கு இந்த ஓரெழுத்துப் போதுமா என்ற சந்தேகத்தோடுதான் நாம் ஒரு நாள் திருவண்ணாமலையில் செஞ்சி மார்க்கமாகப் போகும் பஸ்ஸில் ஏறிக் கீழ்பென்னாத்தூரில் இறங்கினோம்.

அண்ணாமலையைப் பார்க்க வருகிறவர்கள் கிரிவலம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். மலைக்குக் கிழக்கே சற்றேறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு யாத்திரிகர்கள் வருவதில்லை. நெல்லும் நிலக்கடலையும் விளைகிற பூமி. நிலக்கடலைக்கு இங்கே ‘மல்லாட்டை’ என்று பெயர். பிலிப்பைன்ஸ் தீவுகளின் தலைநகரான மணிலாவின் பெயரால் ‘மணிலாக்கொட்டை’ ஆன சரக்கு, வட ஆற்காட்டார் நாவில் புரண்டு புரண்டு மல்லாட்டையாகிவிட்டது. கடல் கடந்து வந்த பயிரைக் கடல் கடந்து வந்த இலையின் சாற்றைக் குடித்துக்கொண்டு விலை பேசுகிறார்கள்!

மண்டி ஒன்றுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சியில் இடம் பிடித்துக்கொண்டோம். மூட்டைகளோடு ஒரு பெரியவர் வந்து இறங்கினார். மண்டிக்காரர் எழுந்து வந்து, ஒரு கைப்பிடி காயை எடுத்துக் காதருகே குலுக்கினார், இரண்டை உடைத்தார், பருப்பை வாயில் போட்டுக் கடித்து ஈரம் பார்த்தார். விலை என்று ஒரு வார்த்தை பிறக்கவில்லை. “வாங்க பெரியவரே, முதல்லே ஒரு டீ சாப்பிடுங்க” என்றார்.

“இருக்கட்டுங்க, வீட்டிலேயே குடிச்சுட்டுத்தான் வந்தேன்.”

வெயிலில் வந்த மனிதர் டீயை மறுப்பானேன்? பெண் பார்க்கப் போகும் வழக்கத்தை நினைத்தால் விடை கிடைக்கும். சம்பந்தம் முடிவாகாத வரையில் அந்த வீட்டில் ‘கை நனைப்பதில்லை’ என்று நம் பெரியவர்கள் வைத்திருந்தார்கள். ஒரு வாய் நீர் உள்ளே போய்விட்டால் பாதி சம்மதம் ஆகிவிடும். மண்டியிலும் அதே நியாயந்தான். டீயைக் குடித்துவிட்டு, “உங்கள் விலை கட்டாது” என்று எழுந்து போக நம் குடியானவருக்கு மனம் வருவதில்லை. வாங்குகிறவருக்கும் இது தெரியும்.

கார்த்திகை தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில் முறையே வேறு. அங்கே பேரம் துண்டுக்கு அடியில் விரல்களால் நடக்கும். பக்கத்தில் நிற்பவனுக்கும் தொகை தெரியாது. கை தட்டி விலை தீர்ந்த பிறகுதான் தரகர் டீக்கடைப் பக்கம் திரும்புவார். ஒரே ஜில்லாவில், ஒரே பானம், ஓரிடத்தில் பேரத்துக்கு முன்னால் தூண்டிலாகவும் மற்றோரிடத்தில் பின்னால் முத்திரையாகவும் இருக்கிறது. கையேடு எழுதுகிறவர்கள் இதில் எதைத் தேசத்தின் குணம் என்பார்களோ தெரியவில்லை.

அது போகட்டும், டீ நம் தேசிய பானம் ஆனதுதான் எப்படி? தானாக ஊறி வந்த ருசியல்ல. 1903ஆம் வருஷத்தில், தோட்டக்காரர்களே கேட்டுக்கொண்டதன் பேரில், ஏற்றுமதியாகும் தேயிலைக்கு ஒரு தீர்வை விதித்துச் சட்டம் செய்தார்கள். அந்தப் பணம் தேயிலையை விளம்பரம் செய்வதற்கென்றே செலவாயிற்று. 1930களில் உலகச் சந்தை படுத்தபோது, விற்காத இலையை இந்தியருக்கே குடிக்கக் கற்றுக்கொடுப்பது என்று மும்முரமாக இறங்கினார்கள். இரயில் நிலையங்களில் எனாமல் பலகைகள் தொங்கின; டீ போடும் விதத்தை அவரவர் பாஷையில் அவை உபதேசித்தன. காப்பிக்கும் இப்படி ஒரு தீர்வைக் கமிட்டி 1935இல் ஏற்பட்டது. தேயிலை, காப்பி, கோகோ ஆகிய மூன்றும் உடம்புக்கு வேண்டாதவை என்று காந்தியடிகள் எழுதினார். ஜனங்கள் அவரை வணங்கினார்கள், டீயையும் குடித்தார்கள்.

கள்ளுக்கும் இதில் பங்கு உண்டு. ராஜாஜி மந்திரி சபை 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1939இல் அது வட ஆற்காட்டுக்கு வந்தது. இந்தப் பிரதேசம் அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. கள்ளு வருமானம் போனதால் அதே ஆண்டில் விற்பனை வரி பிறந்தது. குடிகாரன் சர்க்காருக்குக் கொடுத்துவந்ததைக் கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் கொடுக்கலானார்கள். 1971இல் மதுவிலக்கு தளர்ந்ததும், பிறகு திரும்பத் திரும்பப் போட்டதும் எடுத்ததும், 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்திருப்பதும் தனிக் கதை. தமிழனின் பானம் எது என்ற கேள்விக்கு அவனுடைய நாக்கைவிடச் சட்டசபைதான் அடிக்கடி பதில் சொல்லியிருக்கிறது.

பானம் வியாபாரத்தை வளர்த்த இடங்களும் இல்லாமல் இல்லை. லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் 1680களில் நடத்திய காப்பிக் கடையில் கப்பல்காரர்களும் இன்ஷூரன்ஸ்காரர்களும் கூடினார்கள். லாயிட்ஸ் என்ற மாபெரும் இன்ஷூரன்ஸ் சந்தை அதிலிருந்து கிளைத்தது. பங்குத் தரகர்கள் ஜொனாத்தன் காப்பிக் கடையில் கூடி விலை கூவினார்கள். ஒரு பென்னி கொடுத்தவர் எவரும் உள்ளே உட்காரலாம் என்பது அக்கடைகளின் பெருமை. பெண்களுக்கு மட்டும் அந்தப் பெருமை பெரும்பாலும் எட்டவில்லை. நம் நாட்டுக் கடைகளிலோ உட்காருவதே நெடுங்காலம் ஒரு வழக்காக இருந்தது. காப்பி கிளப்புகளில் சாதிக்கு ஓர் இடம். கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை. பள்ளிக்கூடத்தில் சமத்துவப் பாடம் நடத்தும் நமக்கு, மாணவர்கள் தாங்களே பார்த்ததைச் சொல்லும்போது புஸ்தகத்தை மூடிவைக்கத் தோன்றியதுண்டு. இப்போது வந்திருக்கும் காகிதக் கோப்பை அந்தக் கொடுமையை ஒழித்ததா, அல்லது கண்ணுக்குத் தெரியாமல் செய்ததா என்பதை ஊருக்கு ஊர் விசாரித்துத்தான் சொல்ல வேண்டும்.

எதிர் மண்டிக்கு வருவோம். அரை மணிக்குள் எண்ணெய் மில்காரரின் ஆள் ஒருவர் வந்தார். அவருக்கு ஸ்பெஷல் காப்பி. மூட்டை தூக்குகிறவர்கள் கடைக்குத் தாங்களே நடந்து வந்து, தங்கள் காசில் டீ குடித்துவிட்டுப் போனார்கள். பெரியவரோ கடைசியில் டீயை வாங்கிக்கொண்டார். அவருடைய பிடிவாதம் தளர்ந்ததற்குக் காரணம் தாகம் என்று நினைத்தோம். கடைக்காரர் தாழ்ந்த குரலில் திருத்தினார்: “விதைக்கும்போதே பணம் வாங்கிட்டாருங்க. வேற எங்கே கொண்டு போவாரு?”

எல்லாம் அந்த முன்பணத்தில் இருக்கிறது. விதைக்காயும் உரமும் வாங்க ஆடியில் எடுத்த கடன், அறுவடையில் சரக்கை அந்த ஒரு வாசலுக்கே இழுத்து வருகிறது. ஈரத்துக்கு இவ்வளவு, சொத்தைக்கு இவ்வளவு என்று கழிவு விழும்போது பேச வாயில்லை. டீ இந்தக் கட்டாயத்துக்கு உபசாரம் என்ற சட்டையை மாட்டுகிறது, அவ்வளவுதான். அந்த மண்டிக்காரரும் கெட்டவராகத் தோன்றவில்லை. மழை பொய்த்தால் அவர் பணமும் மண்ணோடு போகும்.

இம்மாதிரிக் கழிவுகளையும் இரகசியப் பேரத்தையும் தடுக்கத்தான் 1933இல் சென்னை மாகாணத்தில் வியாபாரப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது; 1936இல் திருப்பூரில் பருத்திக்கு முதல் ஒழுங்குமுறைச் சந்தை ஏற்பட்டது. இப்போது இந்த மாவட்டத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் நடக்கின்றன. வியாபாரிகள் ஒருவர் விலை ஒருவருக்குத் தெரியாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. எடை சர்க்கார் தராசில். விலை பிடிக்காவிட்டால் மூட்டையை அங்கேயே கிடங்கில் வைத்து அதன் பேரில் கடன் வாங்கலாம். இந்த ஏற்பாட்டில் யாரும் யாருக்கும் டீ வாங்கிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் கிடங்குக் கடன் விளைந்த பிறகு கிடைப்பது. பெரியவருக்குப் பணம் தேவைப்பட்டது விதைக்கும்போது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் தருகிறார்களே என்று கேட்டோம். நிலம் குத்தகை, வாய்ப்பேச்சுக் குத்தகை. சிட்டா வேறொருவர் பெயரில் இருக்கிறது. அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, எடை போடுகிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டார்.