எங்கள் தாமானுக்கு ஒரு ஃபோர்வீல்

தம்போயில் யாரும் பிக்கப் என்று சொல்வதில்லை. நான்கு சக்கரமும் இழுக்கிறதா, பின்சக்கரம் மட்டும்தானா என்றெல்லாம் பார்ப்பதில்லை. பின்னால் திறந்த தொட்டி இருந்தால் அது ஃபோர்வீல். தோட்டத்துத் துரை, குத்தகைக்காரர், காட்டுக்குள் சேற்றில் விளையாடப் போகும் பையன்கள், பாசார் மாலாமில் வாழைப்பழம் விற்பவர் என எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறார்கள். நான் ஒன்று வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது ஒவ்வொருவர் மனத்திலும் வந்த ஃபோர்வீல் வேறாக இருந்தது. வாங்கி முடிக்க எட்டு மாதம் ஆனதற்கு அதுதான் காரணம்.

தாளில் எழுதிப் பார்த்தால் என் தேவை எளிமையானது. வாரத்தில் ஐந்து நாள் தம்போயிலிருந்து பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கு, போக வர ஏறக்குறைய 65 கிலோமீட்டர். மாதத்தில் இரண்டு மூன்று முறை கூலாய்க்கும் லாயாங் லாயாங்கிற்கும் நடுவே சித்தப்பா வைத்திருக்கும் ஐந்து ஏக்கர் செம்பனை நிலத்துக்கு. வருடத்தில் மூன்று நான்கு முறை நண்பர்களோடு காட்டுப் பாதை. இடையில் மூட்டுவலிக்காரி அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். இத்தனைக்கும் ஒரே காடி. இரண்டு காடிக்குத் தவணை கட்ட என் சம்பளத்தில் இடமில்லை. பிடிபிடிஎன் கடனே இன்னும் பாதி பாக்கி.

விளம்பரங்கள் எல்லாமே ‘எதற்கும் ஏற்ற வாகனம்’ என்கின்றன. இயந்திரப் பொறியியல் படித்தவனுக்கு அந்த வாக்கியத்தைப் பார்த்ததும் கொஞ்சம் சந்தேகம் வரும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைய வேண்டும். ஹைலக்ஸ், டிமேக்ஸ், ரேஞ்சர், ட்ரைட்டன் எதை எடுத்தாலும் அடியில் இருப்பது ஏணி மாதிரியான எஃகுச் சட்டம். அதன்மேல் தனியாகச் செய்த கூட்டைப் பூட்டி வைத்திருப்பார்கள். பின்சக்கரத்துக்கு மேலே பட்டை பட்டையாய் அடுக்கிய இரும்பு வில், அதாவது லீஃப் ஸ்பிரிங். நவாராவின் இரட்டைக் கேபினில் மட்டும் சுருள் ஸ்பிரிங் போட்டார்கள். ஏறக்குறைய ஒரு டன் சுமையைத் தாங்குவதற்காகச் செய்த வில் அது. தொட்டி காலியாக இருக்கும்போது அதற்கு வேலையே இல்லை. ஒவ்வொரு பம்பிலும் பின்பக்கம் துள்ளும். மழையில் வட்டச்சாலையைச் சுற்றும்போது வால் லேசாக விலகும். ஆக, ஃபோர்வீல் சுமையோடு நன்றாக ஓடுகிற வண்டி. நாமோ வருடத்தில் முந்நூறு நாள் அதைக் காலியாக ஓட்டப் போகிறோம். முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

அடுத்த கேள்வி, நான்கு சக்கர இழுவை வேண்டுமா? விலையில் அது பெரிய வித்தியாசம். "காஞ்ச நேரத்துல எதுவும் போகும். மழ பேஞ்ச மறுநாள் வந்து பாரு" என்றார் சித்தப்பா. போய்ப் பார்த்தேன். செம்மண் பாதை சோப்பு மாதிரி இருந்தது. குலைகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறிய பக்கத்து நிலத்துக்காரரின் பின்சக்கர வண்டி பாதி தூரம் போய் அப்படியே வழுக்கிக் கீழே வந்து நின்றது. சுமை பின்னால் இருந்தும் பிடிமானம் போதவில்லை. 4-லோ போட்டால் எஞ்சினின் இழுவை கியரில் பெருகிச் சக்கரத்துக்குப் போகிறது. வண்டி நடக்கிற வேகத்தில் நகரும். சறுக்காமல் ஏறுவதற்கு அந்த நிதானம்தான் வேண்டும். காட்டுப் பாதையில் ஜெயிப்பது குதிரைத்திறன் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். டயரும், டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கத் தெரிந்த ஓட்டுநரும்தான் பாதி வேலையைச் செய்கிறார்கள்.

ஆனால் அதே நான்கு சக்கர இழுவையைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டு வைக்கக்கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீளமான வட்டத்தில் ஓடுகின்றன. முன்னையும் பின்னையும் இறுக்கமாகப் பூட்டிவிட்டால் அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் முறுக்காக மாறி கியரையும் டயரையும் தின்னும். அதனால் பெரும்பாலான ஃபோர்வீலில் 4-ஹை என்பது சேற்றுக்கும் மணலுக்கும் மட்டும்தான். ட்ரைட்டனின் உயர் வகைகளில் வந்த சூப்பர் செலக்ட் அமைப்பில் நடுவே ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. தார்ச்சாலையிலும் நான்கு சக்கரத்தில் ஓட்டலாம். பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் மாலை மழை கொட்டும்போது கண்டெய்னர் லோரிகளுக்கு நடுவே போகிறவனுக்கு இது காட்டைவிட முக்கியமான விஷயம்.

நகரத்துக்கென்று வேறு கணக்குகள் உண்டு. மைவி நீளம் 3.9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரட்டைக் கேபின் ஃபோர்வீல் 5.3 மீட்டர் வரும். எங்கள் டெரஸ் வீட்டின் முன்புறத்தில் அப்பா டேப் வைத்து அளந்தார். கேட்டை மூடினால் ஒரு பக்கெட் வைக்கத்தான் இடம் மிஞ்சும் என்றார். துணி காயப்போடும் கம்பியை இடம் மாற்ற அம்மா ஒத்துக்கொண்ட பிறகே பேச்சு நகர்ந்தது. பிளாசா அங்சானா பக்கம் பார்க்கிங்கில் வளைத்துத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் திரும்பும் வட்டத்தின் அருமை தெரியும். ட்ரைட்டனுக்கு 5.9 மீட்டர் ஆரம், மற்றவை ஆறுக்கு மேல். காகிதத்தில் சின்ன எண்தான். தினமும் ஒருமுறை ரிவர்ஸ் எடுக்காமல் தப்பிக்க அது போதும்.

நான் கடைகடையாய் அலைந்துகொண்டிருந்தபோது டீசல் விலை மாறியது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் லிட்டர் 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது. சபா, சரவாக், லாபுவானில் மட்டும் பழைய விலை. தகுதி உள்ளவர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை அறிவித்தார்கள். நான் என் கணக்கைப் போட்டேன். வேலைக்கு மட்டும் மாதம் 1,400 கிலோமீட்டர், சுமார் 120 லிட்டர். பழைய விலையில் 258 ரிங்கிட், புதிய விலையில் 402. மாதம் 144 ரிங்கிட் கூடுதல். அதே தூரத்தை ஒரு சின்னப் பெட்ரோல் கார் அப்போதைய விலையில் 180 ரிங்கிட்டுக்குள் ஓடிவிடும். ரோட்டெக்ஸ் ஃபோர்வீலுக்குக் குறைவுதான், ஆனால் அது வருடத்துக்கு ஒருமுறை. டீசல் வாரத்துக்கு ஒருமுறை.

அன்றிரவே புதிய வண்டி ஆசையை மூட்டை கட்டினேன். புதிதாக எடுத்து 9 வருடம் தவணை கட்டுவதைவிட, ஐந்து வருடம் ஓடியதை எடுத்து மிச்சமாகும் காசில் டீசல் ஊற்றுவதுதான் கணக்குக்கு ஒத்துவந்தது.

பழைய ஃபோர்வீல் வாங்குவது ஒருவரின் கடந்த காலத்தை வாங்குவது மாதிரி. அதற்கு முந்தின வருடம், 2023 மார்ச்சில், ஜோகூரில் பெரிய வெள்ளம் வந்தது. அதனால் தம்போயில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் எனக்கு முதலில் சொன்னது: "பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாரு தம்பி. சீட்ட கழுவுவானுங்க, பெல்டோட கடைசி முழத்த யாரும் கழுவ மாட்டானுங்க." ஒரு வண்டியில் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக்கோடு இருந்தது. இன்னொன்றில் டிஃபரன்ஷியல் எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் வந்தது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது பார்க்கப் பளபளப்பு. பின் லீஃப் ஸ்பிரிங் தொங்கும் இடத்தில் சட்டம் துரு பிடித்து, மேலே புதுக் கறுப்புப் பெயிண்ட். புல் தரையில் நிறுத்தி 4-லோ போட்டுப் பார்க்கச் சொன்னால் சில விற்பனையாளர்கள் முகம் மாறும். முகம் மாறினால் நாம் இடத்தை மாற்றிவிட வேண்டியதுதான்.

இந்த எட்டு மாதமும் அப்பா அதிகம் பேசவில்லை. அவர் மனத்தில் இருந்த ஃபோர்வீல் எது என்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அது லேன்ரோவர்.

1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேன்ரோவரை அறிமுகப்படுத்தியபோது அதை விவசாயியின் வண்டியாகத்தான் காட்டினார்கள். போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் அலுமினியக் கூடு. எஞ்சின் சக்தியை எடுத்து வயல் இயந்திரங்களை ஓட்டும் வசதியும் உண்டு. எதற்கும் ஏற்ற வாகனம் என்ற பேச்சு அன்றே தொடங்கியாயிற்று. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்தபோது அது துரையின் வண்டியானது. எழுபதுகளில் கூலாய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த அப்பாவுக்கு அது ஒரு சத்தம். விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் நிற்கிறவர்கள் அந்தச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்துவார்களாம். பால்வாளியோடு சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி ஓரமாய் நிற்பார்களாம். முன்சீட்டில் துரை. பின்னால் சில நேரம் நாய்.

ஆட்களுக்கு வேறு வண்டி. தோட்டத்து லோரி. "அஞ்சாம் பாரம் வரைக்கும் லோரிக்குப் பின்னால நின்னுக்கிட்டேதான்டா ஸ்கூலுக்குப் போனேன்" என்றார் அப்பா. ஒரு மழை நாளில் அவரோடு படித்த ஒருவர் வளைவில் கீழே விழுந்தார். அதற்குமேல் அப்பா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "நீ எத வேணும்னாலும் வாங்கு. பின்னால ஆள மட்டும் ஏத்தாத" என்றார்.

இது பழைய கதை என்று விட முடியவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்களை லோரியின் பின்தளத்தில் ஏற்றிச் செல்வது இன்னும் சட்டப்படி நடக்கிறது. அதை நிறுத்தச் சொல்லி அங்கே பல வருடங்களாகக் குரல் கொடுக்கிறார்கள். தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போகும் என் நண்பன் சொன்னான்: "பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு சன்னல் வழியா பாப்பேன். அவங்க நம்மளப் பாப்பாங்க. நான் போன எடுத்துப் பாக்க ஆரம்பிச்சிருவேன்."

காட்டுப் பாதைக்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. குளுவாங் மாவட்டத்தில் காஹாங்கிலிருந்து கம்போங் பெத்தாவுக்குச் சுமார் 56 கிலோமீட்டர் மண்பாதை. செம்பனைத் தோட்டங்களையும் மரம் வெட்டும் காடுகளையும் தாண்டி எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசலுக்குப் போகிறது. ஃபோர்வீல்காரர்களுக்குப் பிடித்தமான பாதை. சேறுதான் சுகம் என்பவர்கள் நம் நாட்டில் நிறையவே உண்டு. 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியை வேண்டுமென்றே மழைக்காலத்தில்தான் நடத்துவார்கள். ஆனால் கம்போங் பெத்தா ஜக்கூன் பழங்குடி மக்களின் ஊர். நாங்கள் வண்டியை நிறுத்திச் சேற்றோடு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, முன்னால் குழந்தையும் பின்னால் அரிசி மூட்டையுமாக ஒருவர் பழைய மோட்டார் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனார். நமக்குச் சாகசம். அவருக்குக் கடைக்குப் போய் வரும் வழி. எந்த டயர் நல்லது என்று அதுவரை நடந்த எங்கள் விவாதம் அதோடு நின்றுவிட்டது.

கடைசியில் எடுத்தது 2019ஆம் ஆண்டு ட்ரைட்டன், சூப்பர் செலக்ட் உள்ள வகை. ரேஞ்சரும் புதிய டிமேக்ஸும் 800 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கலாம் என்கின்றன. ட்ரைட்டனின் எண் அதைவிடக் குறைவு. இருக்கட்டும், ஆற்றைக் கடப்பது என் வேலை இல்லை. ஹைலக்ஸ் மறுவிலையில் ராஜா. அதனாலேயே பழையது வாங்குகிறவனுக்கு அது விலை அதிகம். தீர்மானித்தது பின்சீட்டுதான். பல ஃபோர்வீலில் பின்சீட்டின் முதுகு சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். ட்ரைட்டனில் கொஞ்சம் சாய்வு உண்டு. அம்மா பக்கப்படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, யார் உதவியும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தார். "இது பரவால்லடா" என்றார். எட்டு மாத ஆராய்ச்சியின் முடிவு அந்த ஒரு வரி.

நண்பர்கள் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: வருடத்தின் மிக மோசமான நாளை நினைத்து இழுவையைத் தேர்ந்தெடுங்கள், மற்ற எல்லா நாளையும் நினைத்து சீட்டைத் தேர்ந்தெடுங்கள். மோசமான நாளே இல்லாதவர்கள் பின்சக்கர வண்டி எடுத்துக் காசை மிச்சப்படுத்தலாம்.

முதல் வருடத்தில் 4-லோ போட்டது ஆறு முறை. நான்கு சித்தப்பா நிலத்தில், இரண்டு காட்டில். தொட்டி நிறைந்ததற்கோ கணக்கில்லை. பக்கத்து வீட்டு மக்சிக்கின் ஃபிரிட்ஜ், பொங்கலுக்குக் கரும்புக்கட்டு, எதிர்வீட்டில் சாவு விழுந்த இரவில் நாற்காலிகள், கோயிலுக்குத் தண்ணீர்க் கேன்கள். தினசரிக்கும் காட்டுக்கும் என்று இரண்டை மட்டும் எழுதி வைத்து நான் வாங்கிய வண்டிக்குத் தாமான் மூன்றாவது வேலை ஒன்றை வைத்திருந்தது.

இந்த வருடத் தைப்பூசத்துக்கு உருமி மேளப் பையன்கள் ஒன்பது பேர் வந்து நின்றார்கள். மேளத்தையும் ஏற்றிக்கொண்டு தொட்டியிலேயே உட்கார்ந்து வருகிறோம், பக்கத்துக் கோயில்தானே அண்ணே என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. அப்பா சாவியை வாங்கிக்கொண்டார். மேளங்களைத் தொட்டியில் அடுக்கிக் கயிறு கட்டச் சொன்னார். பையன்களை நான்கு நான்கு பேராக உள்ளே உட்கார வைத்துப் பெல்ட் போடச் சொன்னார். மிஞ்சிய ஒருவனையும் சேர்த்து மூன்று நடை ஓட்டினார்.